பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டுப் பெரிய வீட்டை ஊர்ப் பயன்பாட்டுக்குத் திறப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காரைக்குடிக்கு அரை மணி நேரத் தொலைவில் ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டின் நிலைக்கதவைத் திறக்க மூன்று பேருக்கு ஒரு முழுக் காலைப் பொழுது ஆனது. சாவி கையில்தான் இருந்தது, பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, காத்திருந்து, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு ஒருவழியாகத் திறந்தபோது வளவு எனப்படும் நடுக்கட்டின் முற்றத்தில் ஆளுயர வேப்பங்கன்று நின்றது. எதிர்வீட்டு ஆச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பத்து வருசத்துக்கு முன்னாடி வந்திருந்தா விளக்குமாறு போதும் தம்பி. இப்ப கொத்தனார் வேணும்."

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வரும் வரிசைக்குக் காரணம் அந்த ஆச்சிதான். பொதுவாக எல்லாரும் போடும் கணக்கு, முதலில் பணம் திரட்டுவது, பிறகு வீடு முழுவதையும் பழுது பார்ப்பது, கடைசியில் திறப்பு விழா. இந்த வரிசையில் போன பல முயற்சிகள் முதல் படியிலேயே நின்றுவிட்டன. நான் சொல்வது வேறு: பங்காளிகளிடம் சம்மதம் வாங்குங்கள், ஒழுகலை நிறுத்துங்கள், வீட்டின் முன்பகுதியான முகப்பை மட்டும் ஊருக்குத் திறந்துவிடுங்கள். மற்ற கட்டுகளை, அதாவது வீட்டின் மற்றப் பகுதிகளை, வருடத்துக்கு ஒன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கட்டிய வீடுகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை, பர்மா, இலங்கை, மலாயா வியாபாரப் பணத்தில் எழுந்தவை. 1930-களின் பொருளாதார மந்தமும் 1942-இல் பர்மாவுக்குள் ஜப்பான் படை நுழைந்ததும் அந்த வரவை அறுத்தன. குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயின. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் தனித்தனி வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. தூண் தூணாகக் கழற்றி விற்றாலும் கேட்பாரில்லை. ஹோட்டலாக மாற்றுவது ஒரு வழி, அதற்கு முதலீடும் ஆட்களும் வேறு. வாசிப்பறை, மாலை வகுப்பு, கச்சேரி, ஊர்க் கல்யாணம், பழைய ஆவணங்கள் என்று ஊரே பயன்படுத்த நினைப்பவர்களுக்கானது இது.

1. பங்காளிகள்

சுண்ணாம்பு, தேக்கு எல்லாம் பிறகு. வீட்டில் எத்தனை புள்ளி என்று முதலில் எண்ணுங்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி. தாத்தா காலத்தில் நான்கு புள்ளியாக இருந்த வீட்டில் இன்று முப்பது நாற்பது பேருக்குப் பங்கு இருக்கலாம். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் நியூஜெர்சியில், இன்னொருவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தும் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

பட்டா யார் பேரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் என்ன வருகிறது, இறந்தவர்களுக்கு வாரிசுச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கிராமத்து வீடுகள் பெரும்பாலும் நத்தம் எனப்படும் குடியிருப்பு நிலத்தில் இருக்கும். பட்டாவில் இன்னும் கொள்ளுத்தாத்தா பேரே நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரு பெரிய காகிதத்தில் வம்ச மரம் வரைந்து, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் தொலைபேசி எண்ணை எழுதிக்கொண்டே வாருங்கள். இதற்கு மட்டும் இரண்டு மூன்று மாதம் ஆகும்.

வெளிநாட்டிலிருப்பவர் ஊரிலிருக்கும் ஒருவருக்குப் பவர் பத்திரம் கொடுக்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பவேண்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தவேண்டும். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்களை எனக்குத் தெரியும்.

பங்காளிகளின் பயம் என்னவென்று புரிந்துகொண்டால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி. ஊருக்குக் கொடுத்தால் வீடு கையைவிட்டுப் போய்விடும் என்பது ஒரு பயம். அதற்குக் குத்தகைதான் சரியான வழி. உரிமை அவர்களிடமே இருக்கும், பயன்படுத்தும் உரிமை மட்டும் அறக்கட்டளைக்கோ சங்கத்துக்கோ வரும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும். 11 மாத ஒப்பந்தத்தை நம்பிக் கூரையில் பணத்தைக் கொட்டாதீர்கள். என்னைக் கேட்டால் 15 வருடமாவது வேண்டும்.

இன்னொரு பயத்தை வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, பொங்கல், அறுபதாம் கல்யாணம் என்று எதற்கும் சொந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும். அந்த வாசலில் அந்நியர் உட்கார்ந்திருந்தால் எப்படி? ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: இந்த இந்த நாட்களில் வீடு முழுக்கக் குடும்பத்துக்கு. நல்ல காரியங்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லச் சொல்லலாம். துக்கத்துக்கு யாரும் சொல்லிக்கொண்டு வரமுடியாது. அன்று கச்சேரி இருந்தால் கச்சேரி ரத்து, அவ்வளவுதான். சாமி அறையையும், சாமான் வைக்க ஓரிரு அறைகளையும் பூட்டிச் சாவியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு.

2. வீட்டிடம் கேட்டு வேலையை முடிவு செய்யுங்கள்

தெருவிலிருந்து பின்தெரு வரை ஒரே நேர்கோட்டில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று போகும் வீடு. ஆண்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்த முகப்பும் பட்டாலையும் வெளியாள் வந்துபோகவே கட்டப்பட்டவை. அங்கே வாசிப்பறையும் மாலை வகுப்பும் தாமாகவே பொருந்தும். வளவு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் இருநூறு பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம். வெயில் நேரத்தில் அங்கே காற்று வரும் விதமே தனி. முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒதுக்கிய 'இரட்டை வீடு' எனப்படும் அறைகள் சிறியவை, சன்னல் குறைவு, வெளிச்சம் படாது. ஆவணம் வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. சமையல் எப்போதும் பின்கட்டில்தான்.

புத்தகத்தை மட்டும் மாடிக்கு ஏற்றாதீர்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய புத்தகம் ஏறக்குறைய 30 கிலோ. ஆறு தட்டு அலமாரி என்றால் 180 கிலோ. இந்தியத் தர விதிகளில் குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவும் புத்தகக் கிடங்குக்கு 600 கிலோவும் தாங்கும்படி கணக்கிடச் சொல்லியிருக்கிறார்கள். நூறு வருட உத்தரத்துக்கு மூன்று மடங்கு பாரம் எதற்கு? கீழே வையுங்கள். அதிலும் சுவரோரமாக, தரையிலிருந்து அரையடி உயர்த்தி.

3. தொடுவதற்கு முன் பதிவு

அளந்து தரைப்படம் வரையுங்கள். பக்கத்துக் கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்கள் இதற்கு ஆசையாக வருவார்கள். ஒவ்வொரு கதவுக்கும் தூணுக்கும் எண் கொடுத்துப் படம் எடுங்கள். அந்த எண் பிறகு களவு போனாலும் கைகொடுக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

விரிசல் இருந்தால் உடனே அடைக்காதீர்கள். விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் கெட்டியாக ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி உடையவில்லை என்றால் அது பழைய, ஓய்ந்துபோன விரிசல், அடைத்துவிடலாம். உடைந்தால் அஸ்திவாரமோ உத்தரமோ இன்னும் நகர்கிறது. அப்போது மரபுக் கட்டட அனுபவமுள்ள பொறியாளர் வந்துதான் ஆகவேண்டும். "இதை இடிச்சிட்டு காங்கிரீட் போட்ருங்க" என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொல்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

4. தண்ணீர்

பணம் 100 ரூபாய் இருந்தால் 60 ரூபாயை இங்கே செலவிடுங்கள்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க மழை நாளில் வீட்டுக்குள் இருக்கவேண்டும். நல்ல மழையில் சாக்பீஸும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கட்டு கட்டாக நடந்து, சொட்டும் இடத்தில் எல்லாம் தரையில் வட்டம் போட்டு எண் எழுதுங்கள். பழைய ஆட்கள் முற்றத்தில் கிடாரத்தை வைத்து மழைத் தண்ணீர் பிடித்தார்கள். இன்று அந்தக் கிடாரங்கள் தாழ்வாரத்துக்குள்ளேயே ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பவேண்டாம். தண்ணீர், ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் கட்டை வழியே ஓடி ஆறடி தள்ளிக்கூட இறங்கும்.

ஓட்டுக் கூரையில் முதல் குற்றவாளி கூடல்வாய். முற்றத்தின் நான்கு மூலையிலும் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம் அது. கூரையின் பாதித் தண்ணீர் அந்த ஒரு கோடு வழியாகத்தான் முற்றத்தில் விழவேண்டும். வேப்பஞ்சருகும் புறா எச்சமும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கவாட்டில் ஏறி ஓட்டுக்கு அடியில் நுழையும். அடியிலிருக்கும் தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். அதை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத தகடு போடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் திரும்பத் திரும்ப ஓட்டைப் பிரிக்கவேண்டாம். ஒரு வீட்டில் நான்கு கூடல்வாயைச் சுத்தம் செய்ததிலேயே பதினேழு வட்டங்களில் பதினொன்று காய்ந்துபோயின. கொத்தனாருக்கு வேலையே வரவில்லை.

உடைந்த ஓட்டுக்குப் புது ஓடு தேடி அலையாதீர்கள், அளவு பொருந்தாது. பின்கட்டிலிருந்து பழைய ஓட்டை எடுத்து முன்னால் போட்டு, பின்கட்டுக்குப் புதியதைப் போடுங்கள். விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும் ஓடு நல்லது. மந்தமாகச் சத்தம் வந்தால் மயிரிழை விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பாசல் மிஷன், மங்களூர், 1865 என்ற முத்திரை கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட. 1865 என்பது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. உங்கள் வீட்டின் வயது என்று நினைத்துப் பெருமைப்பட்டுவிடாதீர்கள். நானும் ஒருமுறை பட்டேன்.

மெட்ராஸ் டெரஸ் தளம் வேறு கதை. தேக்குச் சட்டங்களின்மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி, சாய்கோட்டில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு என்னும் தட்டையான ஓடுகளைப் பதித்த தளம். அதில் ஒழுகினால் பலரும் செய்வது மேலே மூன்று அங்குலம் காங்கிரீட் போடுவது. கணக்குப் போடுங்கள். ஒரு சதுர அடிக்கு ஓர் அங்குல காங்கிரீட் ஏறக்குறைய ஐந்தரை கிலோ. 20-க்கு 15 அடி அறைக்கு மூன்று அங்குலம் என்றால் 5 டன். அதாவது ஒரு யானையை மொட்டைமாடியில் நிரந்தரமாகக் கட்டிவைத்த மாதிரி. பதிலாகத் தட்டோட்டைத் தட்டிப் பார்த்து, பொள்ளையாகச் சத்தம் வரும் இடத்தை மட்டும் பெயர்த்து, சுண்ணாம்பில் மறுபடி பதியுங்கள். சட்டம் சுவருக்குள் நுழையும் முனையில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் முனை மக்கிவிட்டது. முழுச் சட்டத்தையும் மாற்றத் தேவையில்லை, மக்கிய துண்டை வெட்டிப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரி இன்னும் இருக்கிறார்.

கைப்பிடிச் சுவரில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், வேர் செங்கலோடு வரும். அடியில் வெட்டி, வேரைச் சாகடித்து, காய்ந்த பிறகு சுண்ணாம்பால் அடையுங்கள்.

இவ்வளவும் தையில் தொடங்கி ஆவணிக்குள் முடியவேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது கூரை திறந்து கிடந்தால் வீட்டை நீங்களே கொன்ற மாதிரி.

5. முகப்பைத் திறந்துவிடுங்கள்

கூரை மூடிய அன்றே இதைச் செய்யுங்கள். பெயின்ட் வேண்டாம், விழா வேண்டாம். பெருக்கி, கழுவி, இரண்டு பெஞ்சு, நான்கு செய்தித்தாள், ஒரு மின்விசிறி. புறா எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கக்கூடாது, தூசு நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து அள்ளுங்கள்.

திண்ணையில் காலையில் நான்கு பெரியவர்கள் பேப்பர் படிக்க ஆரம்பித்தால் வீட்டுக்குக் காவல் கிடைத்துவிட்டது. கதவு தினமும் திறக்கும், காற்றுப் போகும், கரையான் புற்று வைத்தால் மறுநாளே கண்ணில் படும், எங்கே புதிதாகச் சொட்டுகிறது என்று யாராவது சொல்வார்கள். முக்கியமாக, தயங்கிய பங்காளி பொங்கலுக்கு வரும்போது தன் தாத்தா உட்கார்ந்த இடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போடுவதைப் பார்ப்பார். அதற்குப் பிறகு பேச்சு மாறும்.

6. சுண்ணாம்பு

சுவரின் கீழ் மூன்றடி பொரிந்து உதிர்கிறதா? அநேகமாக யாரோ எண்பதுகளில் சிமென்ட் பூசியிருப்பார்கள். பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்பும். மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மேற்பரப்பு வழியே காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே ஏறி, அதிலிருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் சுவரை நெம்புகிறது. ஆக முதல் வேலை சிமென்டைச் செதுக்கி எடுப்பது. எடுத்ததும் பூசவேண்டாம். ஒரு கோடை முழுக்க வெற்றுச் சுவராக விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் காயும்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டதும் அது கொதித்துத் துள்ளும். கண்ணாடி அணியாமல் பக்கத்தில் நிற்கக்கூடாது, பிள்ளைகளை அண்டவிடக்கூடாது. அப்படி நீற்றியதைத் தண்ணீருக்கு அடியில் இரண்டு மூன்று வாரமாவது கிடக்கவிடவேண்டும். கூடுதல் நாள் கிடந்தால் இன்னும் நல்லது. இன்னொரு தொட்டியில் நசுக்கிய கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளிக்கும். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லமும் சேர்ந்து சாந்தை வழவழப்பாக்கும், இறுகுவதை மெதுவாக்கும். அந்தப் பக்கம் போனாலே கள்ளுக்கடை வாசனை வரும். பிறகு மணலும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைக்கவேண்டும். முன்பு மாடு கட்டிச் செக்கில் அரைத்தார்கள், இப்போது இயந்திரம். அரைத்தது பதமா என்று பார்க்க நான் பார்த்த மேஸ்திரி ஒருவர் கரண்டியில் அள்ளி, கரண்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பத்து எண்ணுவார். விழுந்தால் மறுபடி செக்குக்கு. அன்றைக்கு நான்கு தடவை விழுந்தது. ஐந்தாவது தடவை விழவில்லை. "இப்ப இது சுவத்த விடாது" என்று சொல்லிவிட்டுத்தான் வெற்றிலை போட்டார்.

முதல் பூச்சு கரடு, அடுத்தது நைஸ், கடைசியில் சன்னமாக அரைத்த வெள்ளைச் சுண்ணாம்பு. அந்தக் கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் கண்ணாடிபோல் ஆக்குகிறார்கள். வீட்டைப் பார்க்க வரும் அத்தனை பேரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லட்சம் முட்டை?" என்பதுதான். முட்டையின் வெள்ளைக்கரு சேர்வது கடைசி மெல்லிய பூச்சில். சுவர் முழுக்க முட்டையால் கட்டியதாக நினைத்து யாரும் கோழிப்பண்ணைக்குப் போகவேண்டாம். சமுதாயப் பயன்பாட்டுக்கு அந்தக் கடைசிப் பளபளப்பு எல்லாச் சுவருக்கும் தேவையும் இல்லை. பழையது நிற்கும் இடத்தில் மெல்லிய துணியால் துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள். புதிதாகப் பூசும் இடத்தில் சாதாரணச் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாக மறுபடி கல்லாகிறது. சித்திரை வெயிலில் பூசினால் தண்ணீர் சட்டென்று வற்றி வெடித்துவிடும். ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கள், நாளுக்கு மூன்று முறை தெளியுங்கள். முழுச் சுவரில் இறங்குமுன் மூன்றடிச் சதுரத்தில் பூசிப் பார்த்து ஒரு மாதம் காத்திருங்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மேலே சொன்ன அத்தனையும் வீண்.

7. தரை, மரம், இரும்பு

தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணக் குழம்பு ஊற்றி, மணலும் சிமென்டும் சேர்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆகவே ஆசிட் பட்டால் பூ கரைந்துபோகும். தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காயெண்ணெய் தொட்டுத் தேயுங்கள். நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். உடைந்த கல்லுக்குப் பதில் ஆத்தங்குடியிலேயே அதே பூவில் செய்து வாங்கலாம்.

வைரம் பாய்ந்த பர்மா தேக்கைக் கரையான் சாமானியமாகத் தொடாது. பின்கட்டில் இருக்கும் பனங்கையையும் (பனைமரச் சட்டம்) மாமரப் பலகையையும்தான் பாருங்கள். தூணுக்கு எனாமல் பெயின்ட் வேண்டாம். வண்ணம் தீட்டிய மரக்கூரை இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவருக்குள் புதைந்த இரும்பு உத்தரம் துருப்பிடித்தால் பருத்துச் செங்கலை விரிக்கும். அதைப் பொறியாளரிடம் காட்டாமல் பூசி மறைக்காதீர்கள்.

8. பொதுமக்கள் வரும் இடத்துக்கு வேண்டியவை

மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங்கை முழுக்க மாற்றுங்கள். அந்தக் கறுப்பு உருண்டைச் சுவிட்சுகளை அழகுக்காக வைத்துக்கொள்ளலாம், மின்சாரம் மட்டும் போகக்கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி கட்டாயம். வீட்டு இணைப்பிலேயே நிகழ்ச்சி நடத்தாமல் மின்வாரியத்தில் முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

கழிப்பறை எல்லாரும் தவறு செய்யும் இடம். வளவில் ஓர் அறையை உடைத்துக் கட்டினால் சுவர் முழுக்க ஈரம். பின்கட்டைத் தாண்டி, தனியாக, கிணற்றிலிருந்து கழிவுத்தொட்டி 50 அடியாவது தள்ளி இருக்கும்படி கட்டுங்கள்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் 12-க்கு 1 என்ற கணக்கு. வாசல் மேடை மூன்றடி உயரம் என்றால் 36 அடி நீளம் வேண்டும். முகப்பில் அதற்கு இடமிருக்காது. பக்கவாட்டுக் கதவைப் பாருங்கள், பல வீடுகளில் அங்கே உயரம் குறைவு. கழற்றி மாட்டும் மரச் சாய்தளமே மேல், கல் படியை உடைக்கவேண்டியதில்லை. உள்ளே வாசல்படிகளுக்கும் சிறிய மரச் சரிவுகள் தேவைப்படும்.

மரம் நிறைந்த வீடு என்பதால் நெருப்புப் பயம் நிஜம். கூட்டம் இருக்கும்போது முன்தெருக் கதவும் பின்தெருக் கதவும் திறந்தே இருக்கவேண்டும், தாழ்ப்பாள் போடக்கூடாது. கேஸ் அடுப்பு பின்கட்டுக்கு இந்தப் பக்கம் வரவே கூடாது. தாசில்தார் அலுவலகத்தில் பொதுக்கட்டட உரிமம், அதற்குப் பொறியாளரின் உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று ஆகியவற்றை வாசிப்பறையாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஓடினால் கிடைக்காது.

9. பணம்

ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் சங்கம் பதியலாம், அல்லது அறக்கட்டளைப் பத்திரம் எழுதலாம். வருமான வரித்துறையில் அறநிறுவனப் பதிவும் நன்கொடைச் சலுகைக்கான பதிவும் வாங்கினால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிப்பதும் பொது நூலகம் அமைப்பதும் இரண்டுமே இருக்கின்றன. ஆக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைத் துணிந்து கேட்கலாம். பதிவு செய்த நீண்ட குத்தகை கையில் இருந்தால்தான் காது கொடுப்பார்கள்.

கவனம் தேவைப்படும் இடம் வெளிநாட்டுப் பணம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பங்காளி அனுப்பினால் சிக்கலில்லை. அமெரிக்க, மலேசியக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், சொந்தச் சித்தப்பாவாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான தனிப் பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது.

சினிமா ஷூட்டிங் நல்ல வருமானம். ஆனால் ஆணி அடிப்பது, சுவருக்கு வண்ணம் அடிப்பது, தூணில் விளக்குக் கட்டுவது எதுவும் கூடாது என்று எழுதி வாங்கி, முன்பணம் பிடித்துவைத்து, ஆளையும் கூட நிறுத்துங்கள். ஒரு தூணை விற்று மற்ற தூண்களைக் காப்பாற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரு தூண் போனால் அடுத்தது எது என்றுதான் பேச்சு போகும். அந்தப் பேச்சையே எடுக்கவிடாதீர்கள்.

10. பெட்டிகளும் பொறுப்பும்

இரட்டை வீட்டு அறைகளைத் திறக்கும்போது டிரங்குப் பெட்டிகள் வரும். கணக்குப் பேரேடு, ரங்கூன் கடிதங்கள், சீர் சாமான் பட்டியல், மொய் நோட்டு, கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்த ஓலை அல்லது தாள். பழைய பேப்பர்காரரை அன்று தெருப் பக்கமே வரவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகங்களும் இதழ்களும்தான் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருவெடுத்தன. உங்கள் பெட்டியில் அவ்வளவு இருக்காது. ஆனால் எந்த ஊர் நூலகத்திலும் இல்லாதது அதில் இருக்கும். வெயிலில் காயப்போடாமல், நிழலில் காற்றாட விரித்து, படமெடுத்து, எண் போட்டு அடுக்குங்கள். யாருடைய பெட்டி என்று மேலே எழுதுங்கள், அது அந்தப் புள்ளியின் சொத்து.

தினசரி நிர்வாகத்துக்கு ஊரில் இருக்கும் இருவர் போதும், ஒருவர் பங்காளியாகவும் ஒருவர் வெளியாளாகவும் இருந்தால் நல்லது. முகப்பில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். அன்று யார் திறந்தார், யார் பூட்டினார், எங்கே ஒழுகியது, எந்த ஓடு நழுவியது என்று எழுதவேண்டும். புரட்டாசி பிறந்ததும் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏணி போட்டு ஏறி, நான்கு கூடல்வாயிலும் சருகை அள்ளுங்கள். ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.